குருத்துக்குள் இறங்கிய படை: கள்ளக்குறிச்சி மக்காச்சோளமும் ஒரு புழுவின் பயணமும்

மக்காச்சோளத்துக்கும் மக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊர் தெரியாத தானியம் ஒன்று கப்பலில் வந்து இறங்கினால், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று வாங்கியவர் ஊகித்து ஒரு பேரை வைத்து விடுவார், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இதே தானியத்தை 'துருக்கிக் கோதுமை' என்றார்கள். அது துருக்கியும் இல்லை, கோதுமையும் இல்லை. (வான்கோழிக்கு இங்கிலீஷில் துருக்கி என்று பேர் வைத்ததும் அதே மாதிரி கதைதான்!)

உண்மையில் இதன் சொந்த ஊர் மெக்சிகோ. சுமார் 9,000 வருடங்களுக்கு முன்னால் தியோசின்டே என்ற காட்டுப் புல்லில் இருந்து அங்கிருந்த மக்கள் இதைப் பயிராக்கினார்கள். கொலம்பஸுக்குப் பிறகு உலகம் சுற்ற ஆரம்பித்து, பெரும்பாலும் போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. வரும்போது விதை மட்டும்தான் வந்தது. அந்த ஊரில் அதைத் தின்று வாழ்ந்த புழு கூட வரவில்லை. அந்தப் புழு இங்கே வந்து சேர நானூறு, ஐநூறு வருடம் ஆனது. வந்த வருடம் 2018.

இந்தக் கட்டுரை அந்தப் புழுவைப் பற்றியது. ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து, அதுவும் கள்ளக்குறிச்சியில் இருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

கள்ளக்குறிச்சி இன்றைக்குத் தனி மாவட்டம். 2019 நவம்பர் 26-ஆம் தேதி தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாகத் துவக்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன்னால் தென்னாற்காடு. பழைய விவசாயக் குறிப்புகளைத் தேடுகிறவர்கள் தென்னாற்காடு என்ற பெயரில்தான் தேட வேண்டும். மேற்கே கல்வராயன் மலை. அதில் சுமார் 2,700 அடி உயரத்தில் இருப்பது சின்னக் கல்வராயன், 4,000 அடியைத் தொடுவது பெரிய கல்வராயன். மலையில் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். (கேரளா இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்.) கீழே சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் பக்கம் செம்மண்ணும் கரிசலும் கலந்த மேட்டுக் கொல்லைகள். கிணறு இருந்தால் கரும்பு, இல்லாவிட்டால் மானாவாரி.

நூறு வருடத்துக்கு முன்னால் அந்த மானாவாரிக் கொல்லைகளில் பணம் கொடுத்த பயிர் மணிலா. நிலக்கடலையைத்தான் தென்னாற்காட்டுக்காரர்கள் மணிலா, மல்லாட்டை என்பார்கள். (இதுவும் அமெரிக்காவில் பிறந்த பயிர்தான், பேர் மட்டும் பிலிப்பைன்ஸ் பேர்!) கம்பும் வரகும் வீட்டுக்கு, மணிலா விற்பனைக்கு. புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. ஒரு பண்டத்துக்கு வெளியூரில் நல்ல விலை என்றால் எல்லாரும் அதையே போடுவார்கள். எல்லாரும் அதையே போட்டால் அதைத் தின்னும் பூச்சிக்கு ஊர் முழுக்க ஒரே பந்தி. தென்னாற்காட்டில் அந்தப் பந்திக்கு வந்தது சிவப்புக் கம்பளிப்புழு.

கம்பளிப்புழுவின் கணக்கு ரொம்பத் துல்லியம். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கும். கோடை கழிந்து நல்லதாக ஒரு மழை பெய்தால் போதும், ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் அந்துப்பூச்சிகள் கிளம்பும். அதே மழையை நம்பித்தான் விவசாயியும் விதைத்திருப்பார். முளைத்து நாலு இலை விடுவதற்குள் முட்டை பொரிந்து புழு தயாராக இருக்கும். ஒரு கொல்லையை முடித்துவிட்டு அடுத்த கொல்லைக்குக் கூட்டமாக நடந்தே போகும்.

இதற்கு அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட வைத்தியம் மருந்து இல்லை. மழை பெய்த ராத்திரியே கொல்லை மேட்டில் தீ மூட்டுவது, வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சி அதில் விழுந்து சாகும். தப்பியது இடும் முட்டைக் குவியல்களை மறுநாளில் இருந்து இலையோடு கிள்ளி அழிப்பது. அதையும் மீறிப் புழு வந்தால் கொல்லையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி நடந்து வருவதை அதில் விழ வைப்பது. எல்லாமே நல்ல யோசனைகள். ஒரே ஒரு நிபந்தனை: எல்லாரும் செய்ய வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர் தூங்கிவிட்டால் உங்கள் தீ வீண்.

இந்த நிபந்தனைதான் ஒரு சட்டத்தையே கொண்டு வந்தது. 1919-ல் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இந்த வகையில் இதுதான் முதல். இன்ன பூச்சி, இன்ன பகுதி, இன்ன வேலை என்று அரசு அறிவித்துவிட்டால் அங்கே நிலம் வைத்திருக்கும் எல்லாரும் அதைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரிகள் ஆள் வைத்துச் செய்துவிட்டு செலவை அவரிடமே வசூலிக்கலாம். கோயமுத்தூர்ப் பக்கம் கம்போடியா பருத்தியின் பழைய மாரைக் குறித்த தேதிக்குள் பிடுங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். பூச்சி என்பது தனி மனிதன் பிரச்சனை இல்லை, வட்டாரத்தின் பிரச்சனை என்று சட்டப் புத்தகமே ஒத்துக்கொண்ட இடம் இது.

பூச்சிகளைப் பற்றிய படிப்பும் அதே காலத்தில்தான் ஊன்றியது. சென்னை அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்றை 1914-ல் வெளியிட்டார். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-ல் தென்னிந்தியாவுக்கென்றே பொருளாதாரப் பூச்சியியல் கையேடு எழுதினார். கடலை இலையைச் சுருட்டும் பூச்சிக்கு அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆபீசர்களே 'சுருள் பூச்சி' என்ற நம்மூர்ப் பேரைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள் என்பது ஒரு சின்ன சந்தோஷம். விவசாயி பார்த்து வைத்த பேர் அது.

அப்புறம் பி.ஹெச்.சி. பவுடர் காலம் வந்தது. சாக்குத் துணியில் மூட்டை கட்டித் தட்டினால் போதும், புழு செத்துவிடும். ராத்திரியில் தீ மூட்ட வேண்டாம், பக்கத்துக் கொல்லைக்காரரைக் கெஞ்ச வேண்டாம், உரக்கடைக்குப் போனால் போதும். வட்டாரத்தின் பிரச்சனை திரும்பவும் தனி மனிதன் பிரச்சனை ஆனது. பி.ஹெச்.சி. 1997-ல் தடை ஆனது. எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் 'பூச்சி வந்தால் கடைக்குப் போ' என்ற பழக்கத்துக்கு யாரும் தடை போடவில்லை.

இந்த இடத்தில்தான் மக்காச்சோளம் கதைக்குள் வருகிறது.

இந்தியாவில் மக்காச்சோளத்துக்கென்று அகில இந்திய அளவில் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1957-ல் ஆரம்பித்தது. 1961-ல் கங்கா, டெக்கான் போன்ற முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. ஆனால் தமிழ்நாட்டில் மக்காச்சோளம் பெரிதாகப் பரவியதற்குக் காரணம் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, கோழிகள். நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணைகளும், பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளும் வளர வளர தீவனத்துக்கு மக்காச்சோளம் தேவைப்பட்டது. கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி இதுதான். பெரம்பலூர், அரியலூர், சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், இந்தப் பக்கம் சின்னசேலம், கள்ளக்குறிச்சி எல்லாம் நாமக்கல் லாரிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மார்செய் ஆலைகளுக்குப் பதில் நாமக்கல் கோழிகள். வாங்குபவர் மாறினார், கொல்லை அதேதான்.

விவசாயி மக்காச்சோளத்துக்கு மாறியதற்கு விலை ஒரு காரணம் என்றால், நிம்மதி இன்னொரு காரணம். பருத்தி போட்டால் மருந்து அடித்தே மாளாது, எடுக்க ஆளும் கிடைக்காது. மரவள்ளி என்றால் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். மக்காச்சோளம் நூறு, நூற்றுப்பத்து நாளில் முடிந்துவிடும். களை ஒன்றிரண்டு தடவை, உரம் இரண்டு மூன்று தடவை. கதிரை ஒடித்து மெஷினில் விட்டு, ரோட்டில் காய வைத்து, மூட்டை பிடித்து மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டு போனால் பணம். பூச்சி என்று பார்த்தால் தண்டுத்துளைப்பான் ஒன்று வரும், அதற்குக் குருத்தில் கொஞ்சம் குருணை மருந்து போட்டால் முடிந்தது. 'மருந்தே அடிக்க வேண்டாத பயிர்' என்ற நல்ல பேர் அதற்கு இருந்தது. அந்த நல்ல பேர்தான் 2018-ல் ஒரே பட்டத்தில் போனது.

வந்த புழுவின் விஞ்ஞானப் பெயர் ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா. 1797-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்துப் பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தில் ஜே.இ. ஸ்மித் என்பவர் இதை விவரித்தார். ஃப்ரூஜிபெர்டா என்ற லத்தீன் சொல்லுக்கு 'விளைச்சலைக் கெடுப்பது' என்பது போன்ற பொருள். 1899, 1912 வருடங்களில் அமெரிக்காவில் பெரிய அளவில் கிளம்பியது. இருந்தும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் காலூன்றவில்லை. 2016 ஜனவரியில் திடீரென்று ஆப்பிரிக்காவில், நைஜீரியா பக்கம் தென்பட்டது. இரண்டே வருடத்தில் சஹாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பரவிவிட்டது.

2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் விவசாயக் கல்லூரிப் பூச்சியியலாளர்கள் மக்காச்சோளத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவுக்கே அதுதான் முதல். ஜூலையில் பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் சிக்கபள்ளாபூர் மாவட்டத்திலும் பார்த்து எச்சரிக்கை விட்டது. அந்தப் புழு எப்படி வந்தது என்பதற்கு இன்று வரை உறுதியான பதில் கிடையாது. காற்றோடு பறந்து வந்திருக்கலாம், சரக்கோடு வந்திருக்கலாம். மரபணுவை ஒப்பிட்டவர்கள் இந்தியப் புழுவும் ஆப்பிரிக்கப் புழுவும் மிக நெருங்கிய சொந்தம் என்கிறார்கள். 2019 ஜனவரியில் சீனா, 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா. இலங்கையில் 2018 கடைசியில் வந்தபோது சிங்களப் பேரையும் சேர்த்து 'சேனா படைப்புழு' என்று அங்கே தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. சேனா என்றாலும் படைதான், படைப்படைப்புழு!

நம்மூரில் படைப்புழு என்ற சொல் ஏற்கனவே இருந்தது. நெல் நாற்றங்காலில் கூட்டமாக வரும் இன்னொரு புழுவின் பேர் அது. அதனால் புதியதை 'அமெரிக்கன் படைப்புழு' என்றார்கள்.

கர்நாடக எல்லையைத் தாண்டத் தாய் அந்துப்பூச்சிக்கு ஒரு வாரம் கூட வேண்டாம். ஒரே ராத்திரியில் காற்று வாக்கில் நூறு கிலோமீட்டர் பறக்கக் கூடியது. முட்டை இடுவதற்கு முன்னால் ஐந்நூறு கிலோமீட்டர் கூடப் போகும். ஒரு பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டை இடும், நூறு இருநூறாகக் குவியல் வைத்து மேலே ரோமத்தால் போர்த்தும். இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் ஊசலாடிப் பக்கத்துச் செடிகளுக்குப் போகும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டும், இலையில் கண்ணாடி ஜன்னல் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அப்புறம் குருத்துக்குள் இறங்கும். பெரிதானதும் ஒன்றையொன்று தின்னும், கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று போதும்.

குருத்துக்குள் இறங்கிய பிறகு அதன் எச்சமே மரத்தூள் மாதிரி மேலே அடைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் அந்த மூடியைத் தாண்டி உள்ளே போகாது. பகலில் வெளியே வராது. ஆக, கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

2018 புரட்டாசிப் பட்டத்தில் நடந்தது இதுதான். பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி என்று மக்காச்சோளம் இருந்த இடமெல்லாம் பரவியது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதியும் தப்பவில்லை. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. மழை நன்றாகப் பெய்தால் குஞ்சுப் புழுக்கள் குருத்துத் தண்ணீரில் மூழ்கிச் சாகும், ஈரத்தில் ஒரு வகைப் பூஞ்சாணம் தாக்கிப் பெரிய புழுவும் வெளுத்துக் காய்ந்து இலையில் ஒட்டிக் கிடக்கும். மழை இல்லாததால் இரண்டும் குறைவு. வாடிய பயிரைப் புழு தின்றது.

விவசாயி முதலில் இதைப் பழைய தண்டுத்துளைப்பான் என்றே நினைப்பது இயல்பு. விரிந்த இலையில் வரிசையாக ஓட்டை, இரண்டுமே அப்படித்தான் ஆரம்பிக்கும். வித்தியாசம் தெரிய புழுவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தலையில் தலைகீழாக எழுதிய இங்கிலீஷ் ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இதைச் சொல்ல அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்? அந்தப் புழுவின் பேர் அன்றைக்கு இந்தியாவில் எந்த மருந்து டப்பாவின் லேபிளிலும் கிடையாது. அதிகாரிகள் அவசரமாகப் பரிந்துரைப் பட்டியல் தயாரிப்பதற்குள் உரக்கடையில் இருந்ததை எல்லாம் வாங்கி, ஒன்றோடு ஒன்று கலந்து, டேங்க் டேங்காக அடித்தாகிவிட்டது.

இந்த 'அடிப்பது' என்ற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்திச் செடி இடுப்பளவு. மக்காச்சோளம் நாற்பது நாளில் ஆள் உயரம். முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு, தலைக்கு மேல் இருக்கும் குருத்தைப் பார்த்துக் குழாயைத் தூக்கிப் பிடித்தால் மருந்து யார் மேல் விழும்? 2017-ல்தான் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் பெரம்பலூரிலும் பருத்திக் காட்டில் மருந்து அடித்தவர்கள் இறந்தார்கள். அடுத்த வருடமே அதே மாவட்டங்களில் இந்தப் புழு. அடிப்பவர் பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரர் கூட இல்லை, டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருபவர். புழுவால் ஏற்பட்ட நஷ்டக் கணக்கில் இவர் எந்தக் காலத்திலும் வருவதில்லை.

நஷ்டக் கணக்கு என்றதும் நிவாரணம். வேளாண் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து கணக்கெடுத்து, தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெரிய தொகைதான். ஒரு ஏக்கருக்கு என்ன என்று பார்ப்போம். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 7,410 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 3,000. இறவைக்கு ஹெக்டேருக்கு 13,500. அந்த வருடம் மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,700 ரூபாய். ஆக 3,000 ரூபாய் என்பது இரண்டு குவிண்டால் விலை கூட இல்லை. மானாவாரியில் பத்துப் பதினைந்து குவிண்டால் எதிர்பார்த்து விதை, உரம், உழவு, களை எல்லாம் செலவு செய்தவருக்கு இது. கொடுக்காமல் இருப்பதற்கு இது மேல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இதை நஷ்ட ஈடு என்று சொல்ல முடியாது, நிவாரணம் என்ற பேர்தான் சரி.

வேடிக்கை என்னவென்றால், விளைச்சல் குறைந்ததால் 2019-ல் மக்காச்சோளம் விலை ஏறியது. விளைந்திருந்தால் நல்ல லாபம்! விலை ஏறினால் கோழிப் பண்ணைகளுக்குக் கஷ்டம், அதனால் குறைந்த சுங்க வரியில், 15 சதவிகிதத்தில், குறிப்பிட்ட அளவு இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. புழு தின்றதால் வந்த விலையேற்றமும் விவசாயிக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. கோழிப் பண்ணைக்காரரையும் குறை சொல்ல முடியாது, கோழிக்கு அடுத்த பட்டம் வரை காத்திருக்கத் தெரியாது.

2019-ல் இருந்து பாடம் கொஞ்சம் ஏறியது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் மற்ற நிறுவனங்களும் சொன்னவற்றில் பாதிக்கு மேல் மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு. விதை நேர்த்தி. வரப்போரத்தில் எள், சூரியகாந்தி, தட்டைப்பயறு. உள்ளே நடந்து பார்க்க வசதியாகப் பத்து வரிசைக்கு ஒரு இடைவெளி. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அதில்தான் எல்லாமே இருக்கிறது. நெருக்கமாக விதைத்த கொல்லைக்குள் நாற்பதாவது நாள் யாராலும் போய்ப் பார்க்க முடியாது. இலை முகத்தைக் கிழிக்கும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை சொன்னார்கள். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி. ஆண் அந்துப்பூச்சி அதில் விழும். இது புழுவைக் கொல்வதற்கு இல்லை, பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. பொறிக்கு மூன்று பூச்சி விழ ஆரம்பித்தால் கொல்லைக்குள் இறங்க வேண்டும். டபிள்யூ எழுத்து மாதிரி வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்து இருபது செடியின் குருத்தைப் பிரித்துப் பார்த்து எண்ண வேண்டும். இளம் பயிரில் நூற்றுக்கு ஐந்து செடியில் அடையாளம் இருந்தாலே நடவடிக்கை, பயிர் வளர வளர பத்து, இருபது வரை பொறுக்கலாம். முதலில் வேப்பெண்ணெய் சார்ந்த மருந்து, மீறினால் எமாமெக்டின், ஸ்பைனிடோரம், குளோரான்ட்ரனிலிப்ரோல் என்று மாற்றி மாற்றி. அதையும் சாயங்காலம், குருத்தைப் பார்த்து. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும். அமெரிக்காவில் புழுவைக் கொல்லும் பி.டி. மக்காச்சோளத்துக்கே இது பழகிக்கொண்டது, போர்ட்டோ ரிக்கோ தீவில் 2006 வாக்கிலேயே. (இந்தியாவில் பி.டி. மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லை.)

எல்லாவற்றையும் விட எளிமையான வைத்தியம் மணல். காய்ந்த மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை. மணல் புழுவை உரசிக் கொல்லும். லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழை விவசாயிகள் மண், சாம்பல் என்று போட்டுப் பார்த்த வழி இது, பிறகு இந்திய நிறுவனங்களின் பரிந்துரையிலும் ஏறியது. காசு செலவு குறைவு. ஆனால் ஒரு ஏக்கரில் இருபதாயிரம் செடிக்கு மேல் இருக்கும். இருபதாயிரம் குருத்து, இருபதாயிரம் சிட்டிகை. அரை ஏக்கர்க்காரர் குடும்பத்தோடு செய்துவிடுவார். ஐந்து ஏக்கர்க்காரர் மருந்துக் கடைக்குத்தான் போவார்.

இனி கோடை. ஆடி, புரட்டாசிப் பட்டம் மழையை நம்பி. தை, மாசியில் கிணறும் போரும் இருப்பவர்கள் இறவையில் மக்காச்சோளம் போடுகிறார்கள். பனி குறைவு, வெயில் நன்றாக இருக்கும், விளைச்சலும் நல்லது. கோடையில் விவசாயிக்கு வருமானம் தரும் இந்தப் பயிர்தான் புழுவுக்குப் பாலம். கம்பளிப்புழு மாதிரி இது மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கத் தெரியாத புழு. தின்ன ஏதாவது இருந்தால்தான் அடுத்த தலைமுறை. குளிர் காலத்தில் இரண்டு மூன்று மாதம் இழுக்கும் ஒரு தலைமுறை, சித்திரை வெயிலில் முப்பது நாளில் முடிந்துவிடும். மாசியில் விதைத்து வைகாசியில் ஒடிக்கும் ஒரே பயிரில் மூன்று தலைமுறை. அங்கே பெருகியது ஆடிப்பட்டத்து மானாவாரி முளைக்கும்போது ரெடியாக இருக்கும்.

அதாவது கிணறு வைத்திருப்பவரின் கோடைப் பயிரைக் கவனிக்காமல் விட்டால், அடி வாங்குவது கிணறு இல்லாதவரின் ஆடிப் பயிர். கோடையில் அவர் கொல்லையில் போய்ப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் மற்றவருக்குக் கிடையாது. 1919 சட்டம் யோசித்தது சரியாக இந்தச் சிக்கலைத்தான். ஒரே வட்டாரத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் விதையுங்கள் என்று வேளாண் துறை இன்றைக்கும் கேட்கிறது. கேட்கத்தான் முடிகிறது. கரண்ட் எப்போது வரும், டிராக்டர் எப்போது கிடைக்கும், கூட்டுறவு வங்கிக் கடன் எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் அமைந்தால்தானே?

மலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 ஜூன் வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று பரம்பரைகள். நாடு விடுதலை ஆகி இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அங்கே பழைய பயிர் சாமை, தினை, கேழ்வரகு, இடையில் துவரையும் அவரையும். ஒரே கொல்லையில் நாலு பயிர் இருந்தால் எந்தப் புழுவுக்கும் பந்தி கிடைக்காது. 'ஊடுபயிர் போடுங்கள்' என்று 2019-க்கு அப்புறம் கீழே துண்டு நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்ததை மேலே எந்த நோட்டீஸும் இல்லாமல் செய்து கொண்டிருந்தார்கள். ஆனால் மலையிலும் பணப்பயிர் வந்து பல வருடம் ஆகிறது. மரவள்ளி ஏறியது, பிறகு மக்காச்சோளமும். சாமைக்கு இல்லாத வியாபாரி மக்காச்சோளத்துக்கு வருகிறார் என்றால் யார்தான் போடாமல் இருப்பார்கள்? அந்துப்பூச்சிக்கு நாலாயிரம் அடி ஏறுவது ஒரு விஷயமே இல்லை, கேழ்வரகையும் அது விட்டு வைப்பதில்லை.

ஆனால் மலையில் ஒரு சிக்கல் கூடுதல். நிவாரணம் என்பது அடங்கலில் இருக்கும் பேருக்கு. அடங்கலில் பேர் வர பட்டா வேண்டும். தலைமுறையாக உழுத நிலம் வனத்துறைக் கணக்கிலோ, பட்டா ஆகாத புறம்போக்குக் கணக்கிலோ இருந்தால் புழு தின்றதற்குச் சாட்சி கிடையாது. கீழே குத்தகைக்கு உழுபவருக்கும் இதே கதிதான், புழு தின்றது அவர் பயிரை, காசோலை வருவது சொந்தக்காரர் பேருக்கு. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் மலைக்காரர்களுக்கு ஒரு வழி திறந்து வைத்தது. அதில் விண்ணப்பம் போட்டு, கிராம சபை கூட்டி, அளந்து, கையெழுத்து வாங்கி முடிப்பது தனிக் கதை, தனிக் கட்டுரை.

இப்போது புழு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. 2018 மாதிரி மொத்தமாக அழிப்பது குறைந்திருக்கிறது. விவசாயிக்கும் முகம் தெரிந்துவிட்டது, உள்ளூர்க் குளவிகளுக்கும் தெரிந்துவிட்டது. முட்டைக்குள் முட்டை இடும் டிரைக்கோகிரம்மா, டெலினோமஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத குளவிகள் தங்கள் பங்குக்கு வேலை செய்கின்றன. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அவைதான். மக்காச்சோளத்தை யாரும் விடவில்லை, சொல்லப் போனால் எத்தனால் ஆலைகளும் இப்போது வாங்க ஆரம்பித்ததில் கிராக்கி கூடித்தான் இருக்கிறது. ஆதரவு விலை 2025-26-க்கு 2,400 ரூபாய். ஆனால் 'மருந்தே அடிக்க வேண்டாத பயிர்' என்ற பேர் திரும்ப வரவில்லை. இரண்டு தடவை மருந்து என்பது இப்போது விதை, உரம் மாதிரி வரவு செலவில் ஒரு நிரந்தர வரி.

சித்திரையில் கதிர் ஒடித்த கொல்லையைச் சின்னசேலம் பக்கம் ஆழமாக உழுது போடுகிறார்கள். இதுவும் பரிந்துரைதான், பழைய பழக்கமும்தான், கோடை உழவு கோடி நன்மை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் செம்பழுப்பாகக் கூட்டுப்புழுக்கள் கிடக்கும். கொழு புரட்டிப் போட்டதும் பாதி வெயிலில் காயும். மீதியை டிராக்டருக்குப் பின்னாலேயே வரிசை கட்டி வரும் கொக்குகளும் மைனாக்களும் பார்த்துக்கொள்ளும். எட்டு ஒன்பது நாளில் பறந்து போகிற கூட்டுப்புழு அது, அதற்குள் டிராக்டர் கிடைக்க வேண்டும்.